அங்குலம் சார் தூபியை அளந்த கதை

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய ஓய்வூதியப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. வெளியே அதை யாரும் பயன்படுத்தியதில்லை. நகர மன்றத்தில் முப்பத்துநான்கு வருடம் கட்டட வரைபட ஆய்வாளராக இருந்தவரை ஊர் 'அங்குலம்' என்றே சொன்னது. முகத்துக்கு நேராகச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. ஒருமுறை மட்டும் அலுவலக உதவியாளர் தொலைபேசியில், "அங்குலம் சார் சாப்பிடப் போயிருக்கார்" என்று வாய் தவறிச் சொன்னபோது அவர் பின்னாலேயே நின்று கேட்டுவிட்டார். உதவியாளர் தொலைபேசியை வைத்துவிட்டு எழுந்து நின்றார். அவரோ கோபிக்கவில்லை. யாரோ பொன்னாடை போர்த்தியது போல ஒரு நிமிடம் நின்றுவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

அவர் கை நீட்டாதவர். ஊருக்கு வந்த கஷ்டமே அதுதான். கை நீட்டுகிற அதிகாரி என்றால் எப்படியாவது ஒரு வழி பிறக்கும். இவரிடம் வழி கிடையாது, விதி மட்டுமே உண்டு. பள்ளிக்கூடக் கழிப்பறைக்கு அவர் இரண்டு வருடம் ஒப்புதல் தரவில்லை, கதவு உள்பக்கமாகத் திறக்கிறது என்று. அந்த இரண்டு வருடமும் பிள்ளைகள் மைதானத்துப் புதருக்குப் பின்னால் போனார்கள். அங்கே கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்ற கேள்வி எழவில்லை.

தன் சொந்த வீட்டு வரைபடத்தையும் அவர் தன் அலுவலகத்திலேயே கொடுத்தார். அது சுற்றிச் சுற்றி அவர் மேசைக்கே வந்தது. இரண்டு முறை திருப்பி அனுப்பினார். முதல் முறை நடைவழியில் இரண்டு அங்குலம் குறைந்தது. இரண்டாம் முறை விண்ணப்பதாரரின் கையெழுத்து மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்து, அந்த அலுவலகத்தில் ஒரு வேலையும் ஒழுங்காக நடக்காது என்று விண்ணப்பதாரராக அலுத்துக்கொண்டார். மறுநாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு போய் ஆய்வாளராக உட்கார்ந்தார்.

அந்த வீட்டில் சமையலறை ஜன்னல் விதிப்படி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டுமோ அவ்வளவு உயரத்தில் இருந்தது. அவர் மனைவிதான் அவ்வளவு உயரத்தில் இல்லை. ஐந்தடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. கட்டும்போதே, ஒரு அடி கீழே இறக்கினால் வேலை செய்துகொண்டே தெருவைப் பார்க்கலாமே என்று மனைவி கேட்டார். ஒப்புதல் ஆன வரைபடத்தில் கை வைக்க முடியாது என்று பதில் வந்தது. அன்றிலிருந்து இருபத்தாறு வருடமாக அந்த அம்மாள் சமையலறையிலிருந்து கொஞ்சம் வானத்தையும் ஒரு மின்கம்பத்தின் தலையையும் பார்த்து வருகிறார்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்குக் கை ஓடவில்லை. அளக்க ஊர் இல்லாததால் அகப்பட்டதையெல்லாம் அளந்தார். பக்கத்து வீட்டு மதில் தெருவுக்குள் ஒன்றரை அங்குலம் வந்திருப்பதை அந்த வீட்டுக்காரருக்கே கடிதமாக எழுதித் தபாலில் அனுப்பினார். மருத்துவமனைச் சாய்தளம் செங்குத்தாக இருக்கிறது என்று மருத்துவரிடம் சொன்னார். மருத்துவர் இரத்த அழுத்த மாத்திரையைக் கூட்டி எழுதினார். உறவினர்கள் புது வீடு கட்டினால் அவருக்குத் தெரியாமலே குடிபோனார்கள். வீட்டுக்குள்ளும் சுவரில் அங்கங்கே சின்னச் சின்னத் தாள்கள் முளைத்தன. 'சாய்வு கால் அங்குலம்', 'பூச்சு உப்பல்', 'கவனிக்க' என்று. மனைவி அவற்றுக்கு மேலேயே ஒட்டடை அடித்துப் பழகிக்கொண்டார்.

அக்காவின் நிலையைப் பார்த்துப் பொறுக்காமல் ஒருநாள் மனைவியின் தம்பி வந்தார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கலகலப்பானவர், சொந்தமாகக் கார் உள்ளவர். இரண்டு மணி நேரப் பயணத்தில் பழைய புத்தர் கோயில் ஒன்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போய் வரலாம் என்றார்.

"கட்டடமா?" என்று அங்குலம் கேட்டார்.

"கட்டடந்தான் அத்தான். தூபி, கூடம், பிக்குகள் தங்கின அறைகள், எல்லாம் அப்படியே இருக்கு. ரெண்டாயிரம் வருஷம்னு சொல்றாங்க."

"அனுமதி குடுத்தது யாரு?"

தம்பி வயிறு குலுங்கச் சிரித்தார். அத்தானுக்கு நகைச்சுவை வந்துவிட்டது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். காரில் ஏறும்போது அத்தான் கையில் அட்டை வைத்த குறிப்பேடும் சட்டைப் பையில் அளவு நாடாவும் இருப்பதைப் பார்த்த பிறகுதான், அது நகைச்சுவை இல்லை என்று புரிந்தது. அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

கோயில் ஒரு மேட்டின் மேல் இருந்தது. கீழே நுழைவுச்சீட்டு வாங்கிய பதினொரு பேரைச் சேர்த்து ஒரு வழிகாட்டியோடு அனுப்பினார்கள். வழிகாட்டி முப்பது வயதுப் பெண். தொல்லியல் படித்தவர். தினமும் நான்கு தடவை ஒரே கதையைச் சொன்னாலும் முதல் தடவை சொல்வது போலச் சொல்லும் ஆர்வம் அவருக்கு இன்னும் வற்றவில்லை. அன்றோடு கொஞ்சம் வற்றியது.

ஏறும் படிகளின் அடியில் அரைவட்டமாக ஒரு கல். அதில் தாமரையும் அதைச் சுற்றி வரிசையாக விலங்குகளும் செதுக்கியிருந்தார்கள். வெளியே இருக்கும் பரபரப்பை இந்தக் கல்லிலேயே விட்டுவிட்டு மேலே ஏற வேண்டும் என்பதற்காகத்தான் இதை வைத்தார்கள் என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் கல்லைக் குனிந்து பார்த்தார்கள். அங்குலமும் குனிந்தார். நாடாவை இழுத்துப் படிகளை அளந்தார். முதல் படி பத்தரை அங்குலம், இரண்டாவது எட்டு, மூன்றாவது ஒன்பதே முக்கால்.

"படி எல்லாம் ஒரே உயரமா இருக்கணும். ஏறுறவங்க கால் தடுக்கி விழுந்தா யாரு பொறுப்பு?"

"இதுவரைக்கும் யாரும் விழலை சார்."

"ரெண்டாயிரம் வருஷமா? அதுக்குப் பதிவேடு இருக்கா?"

வழிகாட்டி புத்தருக்கு முந்தைய காலத்திலிருந்து எல்லாம் படித்தவர். இந்தக் கேள்விக்கான பதில் அவர் படித்ததில் இல்லை. மற்ற பத்துப் பேரும் அன்றைக்குத் தங்களுக்கு என்ன வாய்த்திருக்கிறது என்று புரிந்துகொண்டு, அவரிடமிருந்து நாலடி தள்ளி நடக்க ஆரம்பித்தார்கள். அவர் மனைவியும் தள்ளி நடந்தவர்களில் ஒருவர்.

மேலே தூபி. கட்டிப் போட்ட யானை போலச் செங்கல்லால் ஆன பெரிய அரைக்கோளம். உச்சியில் சதுரமாக ஒரு கல் மேடை, அதன் மேல் ஒன்றைவிட ஒன்று சிறிதாக மூன்று கற்குடைகள். சுற்றிலும் கல் வேலி. வேலிக்கும் தூபிக்கும் நடுவே வட்டமாக ஒரு நடைபாதை. வந்து போன கால்களால் அதன் கற்கள் நடுவில் தேய்ந்து பள்ளமாகியிருந்தன. அங்குலம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பக்தியால் இல்லை, வாசலைத் தேடி. இரண்டாவது சுற்றும் வந்தார். வழிகாட்டிக்கு அவர் மேல் கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது. அப்போது அவர் கேட்டார்: "வாசல் எங்க?"

"வாசல் கிடையாது சார். உள்ள முழுக்கக் கெட்டியா செங்கல். நடு மையத்துல மட்டும் ஒரு சின்ன அறை. அதுல புனிதச் சின்னத்தை வச்சு மூடிட்டாங்க."

"உள்ளயே போக முடியாதுன்னா அது என்ன கட்டடம்? எதுக்கு?"

"சுத்தி வர்றதுக்கு சார்."

முப்பத்துநான்கு வருட அனுபவத்தில் இப்படி ஒரு கட்டடம் அவர் மேசைக்கு வந்ததில்லை. அவருக்குத் தெரிந்த வகைகள் நான்கு: குடியிருப்பு, வணிகம், பொதுக்கூடம், கிடங்கு. வாசல் இல்லாததால் குடியிருப்பு இல்லை. விற்பனை இல்லாததால் வணிகம் இல்லை. உள்ளே யாரும் கூட முடியாது, அதனால் பொதுக்கூடமும் இல்லை. ஏதோ ஒரு பொருளை வைத்திருக்கிறார்கள் என்பதால் 'கிடங்கு' என்று எழுதினார். பக்கத்தில், 'வைத்த பொருளை எடுக்க வழி விடப்படவில்லை' என்றும் சேர்த்தார்.

அடுத்து வழிபாட்டுக் கூடம். அதன் வாசல் தாழ்ந்தது, ஐந்தடி இரண்டு அங்குலம். உள்ளே நுழைந்ததும் வந்தவர்களின் பேச்சு தானாகக் குறைந்தது. நீளமான கூடம், இரண்டு பக்கமும் பதினெட்டுப் பதினெட்டாக முப்பத்தாறு கல்தூண்கள். கோடியில் சுவர் வளைந்து அரைவட்டமாகி, அந்த வளைவுக்குள் ஒரு சிறிய தூபியை அணைத்துக்கொண்டிருந்தது. வாசலுக்கு மேலே குதிரை லாட வடிவத்தில் ஒரே ஒரு பெரிய ஜன்னல். அதன் வழியாக வந்த வெளிச்சம் தரையில் எங்கும் சிந்தாமல் நேராகப் போய் அந்தச் சிறிய தூபியின் மேல் விழுந்தது.

தூண்களை நன்றாகக் கவனிக்கச் சொன்னார் வழிகாட்டி. எல்லாம் கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஆதியில் இந்தக் கூடங்களை மரத்தில் கட்டினார்கள். கூரை பாரம் தாங்க மரத்தூணைச் சாய்த்து நட வேண்டியிருந்தது. பிறகு கல்லில் கட்ட வந்தவர்களுக்கு அந்தத் தேவை இல்லை. ஆனாலும் கண்ணுக்குப் பழகிய அழகை விட மனம் வராமல் கல்லையும் சாய்த்தே நட்டார்கள் என்றார். ஒரு கல்லூரிப் பேராசிரியர் "அடடா" என்றார். அங்குலம் வீட்டுச் சாவிக் கொத்தை ஒரு நூலில் கட்டித் தூணோரம் தொங்கவிட்டார்.

"ஒண்ணேகால் அங்குலம் சாய்வு."

"ஆமா சார். முப்பத்தாறும் அதே அளவுதான்," என்றார் வழிகாட்டி பெருமையாக.

வேறு யாராக இருந்தாலும், முப்பத்தாறு கற்களை ஒரே அளவுக்குச் சாய்க்க எவ்வளவு நிதானமான கை வேண்டும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்திருப்பார்கள். அவர் எழுதினார்: 'ஒரே தவறு முப்பத்தாறு முறை செய்யப்பட்டுள்ளது. மேற்பார்வை இல்லை.'

அதே கூடத்தில் இன்னொன்றும் நடந்தது. எழுதிவிட்டு நிமிர்ந்தபோது மேகம் விலகி, கோடியிலிருந்த தூபி சட்டென்று உள்ளிருந்தே ஒளி விடுவது போல ஆயிற்று. அவர் பேனாவைத் தூக்கியபடி அரை நிமிடம் அப்படியே நின்றார். பிறகு சுதாரித்துக்கொண்டு, காற்றோட்டக் குறைவால் பார்வையாளர்களுக்குத் தலைசுற்றல் ஏற்படுகிறது என்று பத்தொன்பதாவது குறையாக அதைப் பதிந்துகொண்டார்.

கடைசியாகப் பிக்குகளின் விகாரை. நடுவில் திறந்த முற்றம், நான்கு பக்கமும் சின்னச் சின்னக் கல் அறைகள். அங்கேதான் மனைவியைக் காணவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. தம்பி ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகத் தேடினார்கள். ஒன்பதாவது அறையில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு கல் படுக்கை, அதன் தலைமாட்டில் கல்லிலேயே சற்று உயர்த்திய தலையணை, சுவரில் விளக்கு வைக்க ஒரு மாடம். அவ்வளவுதான். கல் படுக்கையில் காலைத் தொங்கவிட்டு, கையை மடியில் போட்டு, எதையும் பார்க்காமல் இருந்தார்.

அங்குலம் அறையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்தார். அளக்க வசதியாக மனைவி காலைத் தூக்கிக்கொண்டார்.

"ஆறரைக்கு ஆறரை. நாப்பத்திரண்டு சதுர அடிதான் வருது. விதிப்படி நூறு வேணும். மனுஷன் குடியிருக்க லாயக்கே இல்லாத இடம்."

"எனக்குப் போதுங்க," என்றார் மனைவி.

திரும்பி வரும் வழி முழுக்க அவர் குறைகளை வாசித்துக்கொண்டே வந்தார். தம்பி வானொலியின் சத்தத்தைக் கூட்டினார். அவரும் குரலைக் கூட்டினார். அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். எப்போது கடைசியாக அக்கா முகத்தில் இப்படி ஒரு அமைதியைப் பார்த்தோம் என்று தம்பி கண்ணாடி வழியாகப் பார்த்து யோசித்தார், ஞாபகம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அங்குலம் எழுத உட்கார்ந்தார். மொத்தம் முப்பத்தொரு குறைகள், பதினான்கு பக்கம், தொல்லிடப் பாதுகாப்புத் துறைத் தலைவருக்கு. நகல் ஆறு அலுவலகங்களுக்கு. மூன்று மாதத்தில் நான்கு நினைவூட்டல்கள். நாள் முழுக்க உட்கார்ந்து எழுதினார். பசித்துச் சாப்பிட்டார், படுத்ததும் தூங்கினார்.

அந்த மூன்று மாதத்திலும் அதற்குப் பிறகும், மாதத்தின் முதல் சனிக்கிழமை தம்பி காரைக் கொண்டுவந்து நிறுத்துவார், அக்கா ஏறிப் போவார். அங்கே ஒன்பதாவது அறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். ஜபம் கிடையாது, தியானம் கிடையாது. மூன்றாவது தடவை வழிகாட்டி கூச்சத்தோடு, அங்கே என்னம்மா பிடித்திருக்கிறது என்று கேட்டார்.

"அங்க எதையும் எடுத்து வைக்க வேண்டியதில்ல," என்றார் அம்மாள்.

வழிகாட்டி பல அறிஞர்கள் விகாரையைப் பற்றி எழுதியதைப் படித்தவர். இதை அவர் தன் குறிப்பேட்டில் தனியாக எழுதி வைத்துக்கொண்டார்.

துறைத் தலைவர் புதிதாக வந்தவர். பழையவராக இருந்திருந்தால் பதினான்கு பக்கத்தையும் அலமாரியின் அடித்தட்டில் போட்டிருப்பார். புதியவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டார். பார்த்ததும் 'பாதுகாப்பு' என்ற சொல் கண்ணில் பட்டது. அந்தச் சொல்லைப் பார்த்த பிறகு சும்மா இருந்தார் என்று நாளை யாராவது சொல்லிவிட்டால்? நகல் வேறு ஆறு இடத்துக்குப் போயிருக்கிறது. அவர் கையெழுத்துப் போட்டார்.

ஆறாவது தடவை அக்காவும் தம்பியும் போனபோது கேட் பூட்டியிருந்தது. அதில் ஒரு அறிவிப்பு. பொதுமக்களின் பாதுகாப்பு கருதியும், பொறுப்புள்ள குடிமகன் ஒருவரின் விரிவான மனுவைப் பரிசீலித்தும், சீரமைப்புப் பணிகளுக்காக இந்த இடம் மறு அறிவிப்பு வரை மூடப்படுகிறது. அம்மாள் அதை இரண்டு தடவை படித்தார். தம்பி காரைத் திருப்பினார்.

வீட்டில் அங்குலம் வாசலிலேயே காத்திருந்தார். அவருக்கும் கடிதம் வந்திருந்தது. 'தங்கள் ஆலோசனைகள் ஏற்கப்பட்டன' என்று இருந்த வரியை உரக்கப் படித்துக் காட்டினார். முப்பத்துநான்கு வருடத்தில் மறுத்து எழுதியே பழகியவர், ஒன்று ஏற்கப்பட்டதை அன்றுதான் பார்த்தார். மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டார்.

"ஊர்ல ஒரு இடம் எனக்குப் பிடிச்சிருந்தது," என்றார். "அதையும் பூட்டிட்டீங்க."

சண்டை போடவில்லை. மறுநாள் காலை வீட்டின் பின்பக்கச் சாமான் அறையைத் திறந்தார். அதில் கணவருடைய பழைய கோப்புகள் இருபத்திரண்டு கட்டு இருந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கிக் கூடத்தில், அவர் உட்காரும் நாற்காலியைச் சுற்றி அடுக்கினார். அறையைக் கழுவினார், சுண்ணாம்பு அடித்தார், ஒரு பாயை மட்டும் விரித்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அங்குலம் வெளியே நின்று, சாமான் அறையை வசிக்கும் அறையாகப் பயன்படுத்துவது ஒப்புதல் ஆன வரைபடத்துக்கு முரணானது என்று எடுத்துச் சொன்னார்.

"எழுதிக் குடுங்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "வச்சிட்டுப் போங்க. நேரம் கிடைச்சா பாக்கறேன்."

இந்த வாசகத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது. தான் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாசகம் என்று பிடிபடாமலே கோப்புக்கட்டுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தார்.

பதினெட்டு மாதம் கழித்துக் கோயில் திறந்தது. திறப்பு விழாவுக்கு அங்குலத்துக்கு அழைப்பு வந்தது, மூன்றாவது வரிசையில் நாற்காலி. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். தம்பியும் அக்காவும் கூடப் போனார்கள்.

முப்பத்தொரு குறைகளையும் துறை சரிசெய்திருந்தது. படிகளின் மேல் சிமென்ட் பூசி எல்லாவற்றையும் ஒரே உயரமாக்கியிருந்தார்கள். அதில் அரைவட்டக் கல்லின் விலங்குகள் பாதி சிமென்ட்டுக்குள் போய், யானைகளுக்கு முதுகும் குதிரைகளுக்குத் தலையும் மட்டும் மிச்சமிருந்தன. தூபியைச் சுற்றி மஞ்சள் வண்ண இரும்புக் குழாய். சுற்றுப்பாதையில் பத்தடிக்கு ஒன்றாக 'அவசர வழி' என்று அம்புக்குறி. பாதை வட்டம், ஆகவே அம்புகளை நம்பிப் போகிறவர் ஆயுள் முழுக்க அவசரமாகச் சுற்றிக்கொண்டே இருக்கலாம். தூண்களைப் பழுது பார்க்கத் துணிவில்லாமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு இரும்பு முட்டுக் கொடுத்திருந்தார்கள். கூடம், கால் உடைந்தவர்கள் ஊன்றுகோலோடு வரிசையில் நிற்பது போல இருந்தது.

அங்குலத்துக்குப் பார்க்கப் பார்க்க மனம் நிறைந்தது. ஒவ்வொன்றையும் தன் குறிப்போடு சரிபார்த்து டிக் அடித்துக்கொண்டே வந்தார்.

கூடத்து வாசலின் உயரத்தை மட்டும் மாற்ற முடியவில்லை. அதனால் அவருடைய பதினான்காவது ஆலோசனைப்படி நிலைக்கல்லில் 'தலை கவனம்' என்று ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். தடித்த பலகை, ஐந்து அங்குலம் கீழே தொங்கியது. முன்பெல்லாம் வருகிறவர்களுக்கு வாசல் தாழ்ந்திருப்பது தூரத்திலேயே தெரியும், தானாகக் குனிவார்கள். இப்போது பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்காக எல்லோரும் தலையை நிமிர்த்தினார்கள்.

தலைமை விருந்தினராக வந்த உயர் அதிகாரி ஆறடிக்கு மேல். படிக்கும் பழக்கமும் உள்ளவர். கைதட்டலுக்கு நடுவே நிமிர்ந்து, படித்துக்கொண்டே நடந்தார்.

சத்தம் கூடத்தின் கோடி வரை போய் எதிரொலித்தது. அந்தக் கூடத்தின் எதிரொலி அருமையானது, வழிகாட்டி வழக்கமாகக் கைதட்டிக் காட்டுவார். அன்று தேவைப்படவில்லை. அதிகாரி நெற்றியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நெற்றி ஒரு எலுமிச்சை அளவுக்கு வீங்கியது, உயிருக்கு ஒன்றும் இல்லை. தண்ணீர், விசிறி, பனிக்கட்டி, நாற்காலி என்று துறை முழுவதும் அந்த வாசலை நோக்கி ஓடியது.

அந்த நேரத்தில் அம்மாள் விகாரையில், ஒன்பதாவது அறைக்கு முன் நின்றுகொண்டிருந்தார். எல்லா அறைகளுக்கும் கம்பிக் கதவு போட்டிருந்தார்கள். 'குடியிருக்கத் தகுதியற்றது, உள்ளே நுழையாதீர்' என்று பலகை. கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பின்னால் வழிகாட்டி வந்து நின்றார். பதினெட்டு மாதமும் அவரைக் கீழே அலுவலகத்தில் கடிதங்களுக்கு எண் போட வைத்திருந்தார்கள். அந்த மனு யாருடையது என்று அவருக்குத் தெரியும். இந்த அம்மாள் யார் என்றும் தெரியும்.

"சாவி எங்கிட்டதாம்மா இருக்கு," என்றார் மெதுவாக. "எல்லாரும் அங்க ஓடிட்டாங்க. நீங்க உக்காருங்க."

அம்மாள் குனிந்து உள்ளே போனார்.

அதிகாரியின் வீக்கம் வடிவதற்குள், கோயிலில் புதிதாகச் சேர்த்ததையெல்லாம் ஒரு வாரத்தில் அகற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒரு வாரத்தில் அகற்றினார்கள். பதினெட்டு மாதத்தில் பூசிய சிமென்ட்டை ஆறு நாளில் பெயர்த்ததில் பழைய படிகளின் விளிம்பும் சேர்ந்து போயிற்று. இரண்டாயிரம் வருடம் ஒழுங்கில்லாமல் இருந்த படிகள் இப்போது ஒழுங்கில்லாமலும் உடைந்தும் இருக்கின்றன. அரைவட்டக் கல்லில் ஒரு யானைக்கு முதுகும் போய்விட்டது. கம்பிக் கதவுகள் மட்டும் யார் பட்டியலிலும் வராததால் அங்கேயே நின்றுவிட்டன. அவற்றின் சாவி வழிகாட்டியிடம் இருக்கிறது. முதல் சனிக்கிழமைகளில் ஒன்பதாவது கதவு திறக்கும்.

அடுத்து, பலகைக்கு யார் பொறுப்பு என்று விசாரணை. துறையில் ஒருவர் மற்றவரைக் காட்ட, அவர் அடுத்தவரைக் காட்ட, கடைசியில் கோப்பின் அடியில் பதினான்கு பக்க மனு அகப்பட்டது. எல்லோருக்கும் மூச்சு வந்தது. மனுதாரருக்கு ஒரு பதிவுத் தபால் போயிற்று. இத்தனாம் எண் ஆலோசனையின் விளைவாக உயர் அதிகாரி ஒருவர் காயமுற நேர்ந்தது குறித்து, கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் உரிய விளக்கம் அளிக்க வேண்டும், தவறினால் மேல் நடவடிக்கை எடுக்கப்படும்.

தம்பிக்குச் செய்தி தெரிந்து பதறியடித்துக்கொண்டு வந்தார். வயதான காலத்தில் இதென்ன வம்பு, தெரிந்த வக்கீலைப் பார்க்கலாமா என்று கேட்டார். அங்குலம் அந்தக் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்திரை, எண், தேதி, எல்லாம் கச்சிதம். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

"நல்ல கடிதம் மச்சான்," என்றார். "ரெண்டாவது பத்தியில மட்டும் ஒரு தேதி தப்பு. அதை வச்சே ஆரம்பிக்கலாம்."

பதினைந்து நாள் வேண்டியிருக்கவில்லை. நான்கே நாளில் இருபத்து மூன்று பக்கம் எழுதினார். தான் பலகையைச் சுவரில் மாட்டச் சொன்னதாகவும், நிலைக்கல்லில் மாட்டச் சொல்லவில்லை என்றும், எழுத்தின் உயரம், பலகையின் கனம், காயமுற்றவரின் உயரம் ஆகியவற்றை ஒப்பிட்டு மூன்று படங்களோடு விளக்கினார். முடித்ததும் மனைவியிடம் படித்துக் காட்ட விரும்பிச் சாமான் அறைக் கதவைத் தட்டினார். அம்மாள் வெளியே வந்து, நாலு பக்கம் நின்று கேட்டார். மீதியைத் தம்பியிடம் படியுங்கள், நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

துறை அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. மேலும் விளக்கம் கேட்டது. அவர் மேலும் விளக்கினார். அதில் எழுப்பப்பட்ட ஐயங்களுக்குத் துறை தெளிவு கேட்டது. நெற்றி வீங்கிய அதிகாரி ஓய்வு பெற்றுப் போய்விட்டார், துறைத் தலைவர் மாறி இன்னொருவர் வந்துவிட்டார், எதற்காக இந்தக் கடிதங்கள் ஆரம்பித்தன என்பது அங்கே இப்போது யாருக்கும் தெரியாது. கடிதங்கள் மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒன்று வந்தவண்ணம் இருக்கின்றன. அங்குலம் காலை ஒன்பது மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு மேசைக்கு வருகிறார், ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறார். சுவரில் புதிதாகத் தாள் எதுவும் முளைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்குப் பயமில்லாமல் வண்ணம் அடித்துக்கொண்டார். மருத்துவர் போன வாரம் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, என்ன செய்கிறீர்கள், நன்றாகக் குறைந்திருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டு ஒரு மாத்திரையை நிறுத்தினார். ஒன்பதாவது விளக்கம் பாதியில் இருக்கிறது.